நூறு வார்த்தை பழகினால் டைப் வேகம் தானே வரும்!

ஒரு நிமிடத்தில் 35 ஆங்கில வார்த்தைகள்!

மத்திய அரசு அலுவலகங்களில் குமாஸ்தா வேலைக்கு மனுப்போடுகிறவர்கள் தாண்டியே ஆக வேண்டிய வாசற்படி இது. எழுத்துத் தேர்வில் எத்தனை மார்க் வாங்கியிருந்தாலும் சரி, இந்தப் படியில் தடுக்கி விழுந்தால் வேலை கிடையாது.

பெங்களூரில் பகலில் கம்பெனி வேலை பார்த்துவிட்டு, இரவில் பரீட்சைக்குப் படிக்கும் தமிழர்கள் பலர் உண்டு. பீன்யாவில் ஷிப்டு முடித்து வருகிறவர்கள், சிவாஜிநகர் கடைகளில் பில் போடுகிறவர்கள், தனியார் அலுவலகங்களில் டேட்டா என்ட்ரி செய்கிறவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் அவர்கள். கணக்கையும் பொது அறிவையும் எப்படியோ சமாளித்து விடுகிறார்கள். டைப்பிங் என்று வந்ததும் கை உதறுகிறது.

"டைப் அடிக்கத் தெரியும். ஆனால் வேகம் வரவில்லையே!" என்பதே அவர்களின் குறை.

இந்தக் குறையைத் தீர்க்கப் பணச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வரும் நூறு வார்த்தைகளை விரல்களுக்குப் பழக்குவதுதான் அந்த வழி.

தேர்வு கேட்பது என்ன?

பிளஸ்-2 படித்தவர்களுக்கான குமாஸ்தா தேர்வை நடத்துவது, ஸ்டாப் செலக்‌ஷன் கமிஷன் என்னும் மத்தியப் பணியாளர் தேர்வாணையம். கர்நாடகம், கேரளம் ஆகிய மாநிலங்களுக்கான அதன் மண்டல அலுவலகம் பெங்களூர் கோரமங்களாவில், கேந்திரிய சதன் கட்டிடத்தில் இருக்கிறது.

கீழ்நிலை குமாஸ்தா பதவிக்கு டைப்பிங் தேர்வு 10 நிமிடம். ஆங்கிலத்தில் அடித்தால் நிமிடத்துக்கு 35 வார்த்தை. இந்தியில் அடித்தால் 30 வார்த்தை. இந்தப் பதவிக்கு 7-வது சம்பள கமிஷன் வகுத்த அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாயில் தொடங்குகிறது.

டைப்பிங்கில் வாங்குகிற மார்க் மொத்த மார்க்கில் சேராது. ஆனால் அதில் தேறியே ஆக வேண்டும்.

இங்கே தமிழர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தத் தேர்வின் கேள்வித்தாளைத் தமிழ், கன்னடம் உள்பட 13 மாநில மொழிகளிலும் தருவதாக மத்திய அரசு 2023-ல் அறிவித்தது. தமிழில் படித்தவர்களுக்கு அது நல்ல செய்திதான். ஆனால் டைப்பிங் தேர்வு ஆங்கிலத்தில் அல்லது இந்தியில் மட்டுமே. இந்தி தெரியாத தமிழருக்கு ஆங்கிலம்தான் கதி.

தமிழ்வழியில் படித்துத் தேறி வந்தவர் கடைசியில் ஆங்கில டைப்பிங்கில் தோற்றால், அத்தனை நாள் உழைப்பும் வீண். ஆகவேதான் இந்த 10 நிமிடத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

ஊருக்குத் திரும்பி, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப்-4 தேர்வு மூலம் டைப்பிஸ்ட் ஆக நினைக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். அந்தப் பதவிக்குத் தமிழ் டைப்பிங்குடன் ஆங்கில டைப்பிங்கிலும் தேர்ச்சி வேண்டும். தமிழகத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வுகளில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை. ஹையருக்கு 45 வார்த்தை.

ஒரு வார்த்தை என்பது எது?

டைப்பிங்கில் "வார்த்தை" என்பதற்குத் தனி அளவு உண்டு. ஐந்து முறை கீயைத் தட்டினால் ஒரு வார்த்தை. வார்த்தைகளுக்கு இடையே விடும் இடமும் ஒரு தட்டுதான்.

35 வார்த்தை என்றால் நிமிடத்துக்கு 175 தட்டு. மணிக்கு 10,500 தட்டு. தேர்வாணையமும் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறது.

அதாவது, ஒரு வினாடிக்கு ஏறக்குறைய மூன்று தட்டு. லோயருக்கு இரண்டரை தட்டு. ஹையருக்கு நான்குக்குச் சற்றுக் குறைவு.

வினாடிக்கு மூன்று தட்டு என்பது பெரிய வேகமா? இல்லை. மேஜைமீது விரலால் தாளம் போடுகிறவர் இதைவிட வேகமாகத் தட்டுவார். ஆகவே விரலின் வேகம் குறைவு என்று வருந்த வேண்டியதில்லை. நேரம் வேறு எங்கோ வீணாகிறது.

எங்கே வீணாகிறது?

டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்த எல்லோருக்கும் முதல் பாடம் நினைவிருக்கும். இடது கைக்கு "ஏ எஸ் டி எப் ஜி எப்". வலது கைக்கு "செமிகோலன் எல் கே ஜே எச் ஜே". காகிதம் காகிதமாக அதையே அடிக்க வேண்டும்.

எந்த விரலுக்கு எந்தக் கீ என்று கற்றுத்தருவது இந்தப் பாடம். இது அவசியம். இதைத் தாண்டிக் குதித்தவர்கள் பிறகு வருந்துவார்கள்.

ஆனால் இந்தப் பாடம் முடிந்ததும் பலர் 20 வார்த்தையில் நின்றுவிடுகிறார்கள். காரணம், அவர்கள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக நினைத்து, ஒவ்வொரு எழுத்தாக அடிக்கிறார்கள். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே மனம் ஒரு கணம் தயங்குகிறது. சிலர் குனிந்து கீ போர்டைப் பார்க்கிறார்கள். பார்வை மீண்டும் தாளுக்குத் திரும்பி, விட்ட இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். 10 நிமிடத்தில் 30 இடங்களில் இரண்டிரண்டு வினாடி தடுமாறினால், ஒரு நிமிடம் முழுதாகப் போய்விடும். 35 வார்த்தை வேகக்காரர் அதில் 175 தட்டுகளை இழக்கிறார். தேறுவதற்கும் தவறுவதற்கும் இந்த ஒரு நிமிடமே போதும்.

தந்தி ஆபீஸ் தந்த பாடம்

இந்தத் தயக்கத்தைப் பற்றி அமெரிக்காவில் 100 ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தார்கள். அப்போது டைப்பிஸ்டுகளை அல்ல, தந்தி ஆபீஸ் ஊழியர்களை ஆராய்ந்தார்கள்.

வில்லியம் லோ பிரையன், நோபிள் ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி பழகுகிறவர்களின் முன்னேற்றத்தை அளந்து 1897-லும் 1899-லும் கட்டுரைகள் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது இது: புதிதாகப் பழகுகிறவர் முதலில் எழுத்து எழுத்தாகக் கேட்கிறார். வேகம் கொஞ்சம் ஏறுகிறது. பிறகு வாரக்கணக்கில் ஏறாமல் அப்படியே நிற்கிறது. பயிற்சியை விடாமல் தொடர்ந்தவருக்கு முழு வார்த்தையும் ஒரே ஒலியாகக் கேட்கத் தொடங்குகிறது. வேகம் மீண்டும் ஏறுகிறது. அதற்கும் மேலே போனவருக்கு வாக்கியத் துண்டுகளே ஒன்றாகக் கேட்கின்றன.

டைப்பிங்கிலும் இதே கதைதான். வில்லியம் புக் என்ற மனோதத்துவ அறிஞர் 1908-ல் டைப்ரைட்டிங் பழகுகிறவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். எழுத்திலிருந்து வார்த்தைக்கும், வார்த்தையிலிருந்து சொற்றொடருக்கும் விரல் முன்னேறுவதை அவரும் கண்டார்.

ஆகவே வேகம் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். "எனக்கு இவ்வளவுதான் வரும்" என்று கைவிடவும் வேண்டாம். எழுத்திலிருந்து வார்த்தைக்கு மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

ஏன் நூறு வார்த்தை?

ஆங்கில அகராதியில் லட்சக்கணக்கான சொற்கள் இருக்கலாம். ஆனால் ஒரு பக்கத்தில் உண்மையில் வருபவை எவை?

ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் 100 கோடிக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட ஆங்கில எழுத்துத் தொகுப்பை எண்ணிப் பார்த்தார்கள். விடை ஆச்சரியமானது.

வெறும் 10 சொற்கள், எழுதப்படும் ஆங்கிலத்தில் கால் பங்கை அடைத்துக்கொள்கின்றன. 100 சொற்கள் ஏறக்குறையப் பாதியை அடைத்துக்கொள்கின்றன. 1,000 சொற்கள் முக்கால் பங்கு!

முதல் 10 சொற்கள் வருமாறு: தி, பி, டு, ஆப், அண்ட், ஏ, இன், தட், ஹாவ், ஐ.

இதில் "பி" என்பது பி-இ என்ற சொல் மட்டும் அல்ல. இஸ், ஆர், வாஸ், வேர், பீன் ஆகிய அதன் உருவங்கள் எல்லாம் அதில் அடக்கம். "ஹாவ்" என்றால் ஹாஸ், ஹாட் இரண்டும் சேர்ந்தே வரும்.

இதன் பொருள் என்ன? தேர்வில் எந்தப் பத்தியைக் கொடுத்தாலும், அது விவசாயம் பற்றியது ஆனாலும் விண்வெளி பற்றியது ஆனாலும், ஏறக்குறையப் பாதி வார்த்தைகள் எவை என்று இன்றே தெரியும்! பாதிக் கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியானது மாதிரி.

இந்த வார்த்தைகள் யோசனை இல்லாமல் விரலிலிருந்து விழுந்தால், யோசிக்கும் நேரம் முழுவதையும் கடினமான வார்த்தைகளுக்குக் கொடுக்கலாம்.

விரல்களின் கணக்கு

நூறு வார்த்தைகளையும் ஒரே மாதிரி அடிக்க முடியாது. கீ போர்டில் அவை அமைந்த விதத்தைப் பார்த்து மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதல் கூட்டம், இரண்டு கைகளும் மாறி மாறி வருபவை. டி-எச்-இ என்ற "தி" நல்ல உதாரணம். டி இடது ஆள்காட்டி விரல். எச் வலது ஆள்காட்டி விரல். இ இடது நடுவிரல். ஏ-என்-டி என்ற "அண்ட்" சொல்லும் அப்படியே: இடது, வலது, இடது. ஆப், டு, பார், வித், பை ஆகியவையும் இந்தக் கூட்டம். ஒரு கை தட்டும்போதே மறு கை அடுத்த கீக்குத் தயாராகிவிடும். ஆகவே இவற்றில் வேகம் சீக்கிரம் வரும்.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அடுத்த கை அவசரப்பட்டு முந்திவிட்டால் எழுத்து இடம் மாறும். "தி" என்பது டி-இ-எச் என்று விழுவது அதனால்தான். இரண்டு கைகளும் ஒரே தாளத்தில் போனால் இந்தத் தவறு குறையும்.

இரண்டாம் கூட்டம், ஒரே கையில் விழுபவை. டபிள்யூ-ஏ-எஸ் என்ற "வாஸ்", டபிள்யூ-இ-ஆர்-இ என்ற "வேர்", ஏ-ஆர்-இ என்ற "ஆர்", ஏ-எப்-டி-இ-ஆர் என்ற "ஆப்டர்" எல்லாம் முழுக்க இடது கை. ஒய்-ஓ-யு என்ற "யூ", ஓ-என்-எல்-ஒய் என்ற "ஒன்லி", ஐ-என் என்ற "இன்" முழுக்க வலது கை. "வாஸ்" மிகவும் மோசம். இடது மோதிர விரல், சுண்டு விரல், மறுபடியும் மோதிர விரல் என்று பலம் குறைந்த விரல்களே வேலை செய்ய வேண்டும். இவற்றுக்கு இரண்டு பங்கு பயிற்சி கொடுக்க வேண்டும்.

மூன்றாம் கூட்டம், ஒன்றுபோல் தோன்றி ஏமாற்றுபவை. எப்-ஆர்-ஓ-எம் என்ற "பிரம்" அடிக்கும்போது எப்-ஓ-ஆர்-எம் என்ற "பார்ம்" விழும். "தேர்" என்று ஒலிக்கும் இரண்டு சொற்கள் உண்டு. "அங்கே" என்பது ஒன்று, "அவர்களுடைய" என்பது மற்றொன்று. இந்த ஜோடிகளை அடுத்தடுத்து வைத்துப் பழகினால் விரலுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும்.

பழகும் முறை

தினம் அரைமணி போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் அடிப்பதைவிட, தினம் அரைமணி அடிப்பதே பலன் தரும். களைத்த விரல் தவறைத்தான் பழகும்.

முறை வருமாறு:-

முதல் 5 நிமிடம், பழைய இன்ஸ்டிடியூட் பாடம். விரல்களை அவற்றின் வீட்டில் உட்கார வைப்பதற்கு.

அடுத்த 10 நிமிடம், அன்றைக்குரிய 5 புதிய வார்த்தைகள். ஒவ்வொன்றையும் முதலில் மிக மெதுவாக, கீ போர்டைப் பார்க்காமல், ஒரே தாளத்தில் அடிக்க வேண்டும். தவறில்லாமல் 10 முறை வந்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். வார்த்தைக்குப் பின் வரும் இடத்தையும் சேர்த்தே அடிக்க வேண்டும். கட்டைவிரலும் பழக வேண்டுமே!

அடுத்த 10 நிமிடம், அதுவரை பழகிய வார்த்தைகளைக் கலைத்துப்போட்டு அடிக்க வேண்டும். ஒரே வரிசையில் அடித்தால் வரிசைதான் மனப்பாடம் ஆகும். துண்டுச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கிப்போட்டால்கூடப் போதும்.

கடைசி 5 நிமிடம், ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து ஒரு பத்தி. எத்தனை தட்டு, எத்தனை தவறு என்று தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும்.

தினம் 5 வார்த்தை என்றால் 20 நாளில் 100 வார்த்தை. அதன் பிறகு ஜோடி வார்த்தைகள்: "ஆப் தி", "இன் தி", "டு பி", "இட் இஸ்", "ஹாஸ் பீன்". "ஆப் தி" என்ற ஜோடி இடங்களையும் சேர்த்து ஏழு தட்டு. அந்த ஏழும் ஒரே மூச்சில் விழ வேண்டும்.

வெறும் சொற்களை அடித்தால் வாக்கியம் அடிக்க வருமா என்று சிலர் கேட்கலாம். வரும். டிமத்தி சால்ட்ஹவுஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர், டைப்பிங் ஆராய்ச்சிகளைத் தொகுத்து 1986-ல் ஒரு கட்டுரை எழுதினார். தேர்ந்த டைப்பிஸ்டுகள் அர்த்தமுள்ள வாக்கியத்தையும், தாறுமாறாகக் கலைத்த வார்த்தைகளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் அடிக்கிறார்கள். ஆனால் எழுத்துக்களையே கலைத்துக் கொடுத்தால் அவர்கள் வேகம் விழுந்துவிடுகிறது. விரல் அறிந்தது வார்த்தையைத்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இங்கிலீஷ் சரியாகத் தெரியாதே என்று தயங்குகிறவர்களுக்கும் இதில் தைரியம் இருக்கிறது. பத்தியின் அர்த்தம் முழுவதும் புரியாவிட்டாலும் வேகமாக அடிக்க முடியும்.

ஏமாற்றும் கணக்கு

இந்தப் பயிற்சியில் ஓர் எச்சரிக்கை தேவை. அடிக்கடி வரும் வார்த்தைகள் பெரும்பாலும் குட்டி வார்த்தைகள். "தி" என்பது இடத்தோடு சேர்த்து நான்கே தட்டு. ஒரு நிமிடத்தில் அப்படி 40 வார்த்தை அடித்தவர் "எனக்கு 40 வந்துவிட்டது" என்று மகிழ்வார். உண்மையில் அது 160 தட்டு. ஐந்தால் வகுத்தால் 32 வார்த்தைதான்!

ஆகவே எப்போதும் தட்டுகளையே எண்ண வேண்டும். உண்மையான வேகத்தைப் பத்தி அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

நூறு போதுமா?

போதாது. நூறு வார்த்தை அஸ்திவாரம். மேலே கட்டிடம் எழும்ப வேண்டும்.

அரசாங்கப் பத்திகளில் கவர்ன்மென்ட், டெவலப்மென்ட், எஜுகேஷன், பாப்புலேஷன் போன்ற நீண்ட சொற்கள் அதிகம். அவற்றை முழுதாக மனப்பாடம் செய்ய வேண்டாம். வாலைப் பிடித்தால் போதும். டி-ஐ-ஓ-என் என்று முடிபவை ஒரு கூட்டம். எம்-இ-என்-டி என்று முடிபவை ஒரு கூட்டம். ஐ-என்-ஜி என்று முடிபவை ஒரு கூட்டம். இதில் எம்-இ-என்-டி வலது, இடது, வலது, இடது என்று அழகாக மாறி மாறி வரும்.

அடுத்தது, பெரிய எழுத்து. இடது கை எழுத்துக்கு வலது ஷிப்டு. வலது கை எழுத்துக்கு இடது ஷிப்டு. கம்ப்யூட்டரில் பழகியவர்கள் பலர் எல்லாவற்றுக்கும் ஒரே ஷிப்டைப் பயன்படுத்தி வேகத்தை இழக்கிறார்கள்.

எண்களையும் விட்டுவிடக்கூடாது. ஒரு பத்தியில் நாலைந்து வருஷங்களும் தொகைகளும் வந்தால், கீ போர்டைக் குனிந்து பார்க்கும் பழக்கம் மீண்டும் தலைகாட்டும்.

தவறு குறைந்தால் வேகம் கூடும்

வேகமாக அடித்தால் தவறு அதிகமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தி, 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறு விதமாகச் சொல்கிறது.

1 லட்சத்து 68 ஆயிரம் பேர் அடித்த 13 கோடியே 60 லட்சம் தட்டுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். சராசரி வேகம் நிமிடத்துக்கு 52 வார்த்தை. வேகமாக அடித்தவர்கள் செய்த தவறு குறைவு. மெதுவாக அடித்தவர்கள் செய்த தவறுதான் அதிகம்! வேகக்காரர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு கீயிலிருந்து விரலை எடுப்பதற்கு முன்பே அடுத்த கீயை வேறு விரல் தட்டிவிடுகிறது. கம்ப்யூட்டரில் இது சாத்தியம். பழைய மிஷினில் இப்படிச் செய்தால் எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

தவறைத் திருத்த ஒரு முறை பின்னால் போனால் அழிக்க ஒரு தட்டு, மறுபடி அடிக்க ஒரு தட்டு. நடுவே தாளம் கெடுவது தனி நஷ்டம். ஆகவே முதலில் சுத்தம், பிறகு வேகம்.

பார்வையும் விரலுக்கு முன்னால் போக வேண்டும். தேர்ந்த டைப்பிஸ்டின் கண், விரல் அடிக்கும் எழுத்துக்குச் சில எழுத்துக்கள் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். "தி", "அண்ட்" போன்றவற்றை விரல் தானே கவனித்துக்கொள்ளும்போது, கண் சும்மா நிற்காமல் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது.

பந்தயத்தில் ஜெயித்தவர்

கீ போர்டைப் பார்க்காமல் அடிப்பது ஒரு காலத்தில் அதிசயமாக இருந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஷோல்ஸ் டைப்ரைட்டருக்கு 1868-ல் காப்புரிமை பெற்றார். ரெமிங்டன் கம்பெனி 1874-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது எல்லோரும் கீயைப் பார்த்துப் பார்த்துத்தான் அடித்தார்கள்.

1888-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி சின்சினாட்டி நகரில் ஒரு பந்தயம் நடந்தது. பிராங்க் மெகரின் என்ற கோர்ட்டு சுருக்கெழுத்தாளரும், லூயி டிராப் என்பவரும் மோதினார்கள். டிராப் கீயைப் பார்த்து அடிப்பவர். மெகரின் பார்க்காமலே அடிப்பவர். மெகரின் ஜெயித்தார். அதன் பிறகே பார்க்காமல் அடிக்கும் முறை உலகெங்கும் பரவியது.

1923-ல் ஆல்பர்ட் டாங்கோரா என்பவர் சாதாரணக் கை டைப்ரைட்டரில் ஒரு மணி நேரம் விடாமல் நிமிடத்துக்கு 147 வார்த்தை அடித்துக் காட்டினார். அதோடு ஒப்பிட்டால் 35 வார்த்தை என்ன பிரமாதம்?

கீ போர்டின் எழுத்து வரிசையை மாற்றினால் வேகம் கூடும் என்று சொன்னவர்களும் உண்டு. ஆகஸ்ட் டுவோரக் என்ற பேராசிரியர் ஆங்கில உயிரெழுத்துக்களை நடுவரிசைக்குக் கொண்டுவந்து 1936-ல் புதிய கீ போர்டுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் பழைய வரிசை மாறவில்லை. பரீட்சை ஹாலிலும் பழைய வரிசைதான் இருக்கும். ஆகவே கருவியை மாற்ற நினைப்பதைவிட விரலைப் பழக்குவதே புத்திசாலித்தனம்.

மிஷின் போனது, திறமை போகவில்லை

ஒரு காலத்தில் லோயர், ஹையர் சர்ட்டிபிகேட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் வந்து இறங்கிய தமிழர்கள் பலர். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று பொதுத்துறைத் தொழிற்சாலைகள் வளர்ந்த காலம் அது. இந்தியாவிலேயே டைப்ரைட்டர் செய்யும் வேலையை கோத்ரெஜ் நிறுவனம் 1955-ல் தொடங்கியது. அந்த நிறுவனம் 2009-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

மிஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தாலும் எழுத்து வரிசை அதேதான். மிஷினில் படித்தவர்கள் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் கீயை ஓங்கிக் குத்த வேண்டாம், தொட்டால் போதும்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். ஒரு சாதாரணக் கீ போர்டு இருந்தால், ஓ.டி.ஜி. என்னும் சிறிய கேபிள் மூலம் பல ஆண்ட்ராய்டு செல்போன்களில் இணைத்துப் பழகலாம். செல்போன் திரையில் இரண்டு கட்டைவிரல்களால் தட்டுவது வேறு கலை. அது பரீட்சைக்கு உதவாது. வார்த்தையைத் தானே திருத்தும் வசதியையும் அணைத்துவிட வேண்டும். பரீட்சை ஹாலில் அந்தத் துணை இருக்காது.

கன்னடமும் தேவை

கர்நாடக அரசு அலுவலகங்களில் ஆட்சிமொழி கன்னடம். மாநில அரசில் டைப்பிஸ்ட் வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் கன்னட டைப்பிங் கற்றே ஆக வேண்டும். கர்நாடகப் பள்ளித் தேர்வு வாரியம் நடத்தும் வணிகவியல் தேர்வுகளில் கன்னடம், ஆங்கிலம் இரண்டிலும் டைப்பிங் உண்டு. இங்கேயே பிறந்து கன்னடப் பள்ளியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது நல்ல வாய்ப்பு. அடிக்கடி வரும் சொற்களை முதலில் பழகும் முறை கன்னடத்துக்கும் தமிழுக்கும்கூடப் பொருந்தும்.

ஏமாறாதீர்கள்!

வேகம் வந்ததும் "வீட்டிலிருந்தே டைப் அடித்து மாதம் ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாம்" என்ற விளம்பரம் கண்ணை இழுக்கும். ஜாக்கிரதை! பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று முதலில் பணம் கேட்டால் அது மோசடி. அடித்துக் கொடுத்த பிறகு "தவறு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள்" என்று வக்கீல் நோட்டீஸ் காட்டி மிரட்டிப் பணம் பறிப்பதும் உண்டு. வேலை கொடுக்கிறவன் சம்பளம் தருவான், பணம் கேட்கமாட்டான். ஏமாற்றப்பட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்து புகார் கொடுக்கலாம்.

இன்றே தொடங்கலாம்

தினம் அரைமணி என்றால் மாதம் 15 மணி நேரம். மூன்று மாதத்துக்கு 45 மணி நேரம். முதல் வாரத்தில் வேகம் சற்றுக் குறையவும் கூடும். பழைய பழக்கத்தை விட்டுப் புதிய பழக்கத்துக்கு மாறும்போது அப்படித்தான் இருக்கும். நோட்டில் குறித்த எண்கள் ஏறாமல் நிற்கும் வாரங்களும் வரும். அந்த வாரங்களில் நோட்டை மூடி வைக்கக்கூடாது.

பரீட்சைக்கு முன் ஒரு மாதம், தினம் ஒரு முறையாவது 10 நிமிடம் நிற்காமல் அடித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் 35 வந்தால் போதாது. 40 வர வேண்டும். பழக்கமில்லாத கீ போர்டும் பரீட்சை பயமும் சேர்ந்து நாலைந்து வார்த்தைகளைப் பிடித்துக்கொள்ளும். மீதி 35 கையில் இருந்தால் போதுமே!

இன்றைய பாடம் ஐந்து வார்த்தை: தி, ஆப், அண்ட், டு, இன். இடம் விட்டு, தவறில்லாமல், ஒவ்வொன்றும் பத்து முறை. நாளைக்கு அடுத்த ஐந்து.